மறிகடல் நாட்டின் பின்பக்கம்

செங்கல்பட்டு
மார்கழி 5, சனிக்கிழமை

சிரஞ்சீவி ஹம்சினிக்கு அப்பா எழுதுவது. பெருமாள் கிருபையில் நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் கைகால் சுகத்தோடு வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று தினமும் சேவிக்கும்போது சொல்லிக்கொள்கிறேன். இந்த வருஷம் மழை பரவாயில்லை. கொளவாய் ஏரி கரை தொட்டு நிற்கிறது. காலையில் நடக்கப் போகும்போது அந்தப் பக்கம் மின்சார ரயில் போனால் தண்ணீருக்குள்ளும் ஒரு ரயில் தலைகீழாகப் போகிறது, அதில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்த ஊரில் இறங்குவார்களோ என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்புறம்தான் நடக்கிறேன். உத்தியோகத்தில் இருந்தவரை ஏரியைப் பார்த்தால் நீர்மட்டக் கல்லை மட்டும்தான் பார்ப்பேன், இப்போது ஏனோ இப்படி ஆகிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடவுமில்லை குறையவுமில்லை, மார்கழி பிறந்ததால் விடியும் முன்னே கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்கி வருகிறாள். மாடியில் உன் அறையின் மேற்குச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, தை பிறந்ததும் பூச வேண்டும். இந்தக் கடிதத்தைப் பார்சலில் மிளகாய்ப்பொடிக்கு மேலே, மணத்தக்காளி வற்றலுக்குக் கீழே வைக்கிறேன். அப்பளம் உடையாமல் வந்து சேருமா என்பது எனக்குச் சந்தேகம்தான், அம்மாவுக்குச் சந்தேகமில்லை.

போன வாரம் போனில் பேசும்போது, மூணு மணிக்கெல்லாம் இங்க இருட்டிடறதுப்பா, ஆபீஸ்ல எல்லாரும் நல்லவா, ஆனா யாரும் யாரோடயும் பேசறதில்லை, ஞாயித்துக்கிழமை முழுக்க ஜன்னலையே பார்த்துண்டு உட்கார்ந்திருக்கேன், வேலையை விட்டுட்டு வந்துடட்டுமா என்று கேட்டாய். நான், இரு, அம்மாகிட்ட தரேன் என்று போனைக் கொடுத்துவிட்டேன். அம்மா உடனே வந்துடு என்றாள், அடுத்த நிமிஷமே, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைச்ச வேலையை விட்டுடுவியா என்றாள், அப்புறம் ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டாள். நீ என்னைத்தான் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் போனில் யோசிக்க வராது. எழுதினால் வரும் என்று நினைத்து மூன்று நாளாக உட்காருகிறேன், அப்போதும் நேராக வரவில்லை. அதனால் முதலில் இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், உன் கேள்விக்கு அந்த வழியாகத்தான் என்னால் வர முடியும் போலிருக்கிறது.

நீ ஆகஸ்டில் வேலைக்காக உலகத்தின் வடகோடிக்கு, டிரோண்ட்ஹைமுக்குக் கிளம்பும்போது, உன் சிநேகிதர்களிடமும் என்னிடமும், ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை நிறுத்திடாதீங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாய். ஜோஷ்வா நடத்துவதாக ஏற்பாடு. ஆனால் அவனுக்கு மறைமலைநகர் கம்பெனியில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுகிறது, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவன் கண் திறக்காமல் இறங்குகிறான், அவனால் ஒரு நாட்டை எப்படி நடத்த முடியும். இரண்டு ஞாயிறு சும்மாவே கூடிக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஞாயிறு காபி டம்ளர்களை எடுக்க மாடிக்குப் போனேன், தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்து, அங்கிள் நீங்களே கேம் மாஸ்டரா உட்காருங்க, ஹம்சினி சொல்லும்போதெல்லாம் வாசப்படியில நின்னு கேட்டுட்டுதானே இருந்தீங்க என்றாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து எடுத்து அவளுக்கு யாரையும் மறுபேச்சில்லாமல் கையை நீட்ட வைக்கத் தெரியும். சரி என்று தலையாட்டிவிட்டேன். கீழே வந்து அம்மாவிடம் சொன்னேன், அவள் அப்படி என்ன ஆட்டம் அது என்றாள். ஒருவர் நாட்டையும் நிலவரத்தையும் சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு நான் இதைச் செய்கிறேன் என்பார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள், கூடுதலாக விழுந்தால் நினைத்தது நடக்கும், குறைந்து விழுந்தால் வேறு ஏதாவது நடக்கும் என்று விளக்கினேன். இத்தனை வயசுக்கு அப்புறம் உங்களை நம்பி ஒரு நாட்டைக் குடுத்திருக்காளா என்று கேட்டுவிட்டு அவள் கறிகாய் நறுக்கப் போய்விட்டாள்.

இந்த ஆட்டத்துக்காக நீ கற்பனையில் கட்டிய மறிகடல் நாடு எனக்கு எப்போதுமே பிடிக்கும், இதை உன்னிடம் சொன்னதில்லை. கடல் ஆறு மாதம் கரையோடு இருந்து, ஆறு மாதம் கண்ணுக்கெட்டாத தூரம் பின்வாங்கிப் போவதும், அடித்தரையில் பழைய தெருக்கள் வெளிப்படுவதும், ஜனங்கள் கூடையும் குழந்தையுமாக இறங்கிப் போய்ப் பாசி படிந்த வீடுகளில் அடுப்பு மூட்டுவதும் நினைத்தால் தூக்கம் வருவது போல ஒரு சுகம். கூழைக்கடாக்கள் தூங்குகிறவர்களின் கனவை அலகுப் பையில் அள்ளிக்கொண்டு போய் வேறு ஊரில் கொட்டிவிடும், அதனால் ஓர் ஊரார் காலையில் எழுந்து இன்னோர் ஊரின் கனவைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று வைத்திருக்கிறாயே, அது உனக்கு எங்கிருந்து வந்தது. சின்ன வயதில் வேடந்தாங்கலில் அந்தப் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டாய், நான் மீன் என்றேன். நல்லவேளை, நீ நம்பவில்லை.

ஆனால் உன் வரைபடத்தை விரித்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். முக்கால்வாசி வெள்ளையாகக் கிடந்தது. வடக்கே ஒரு மலை, நடுவில் மூன்று ஊர், கரையோரம் ஒரு கோடு, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் பொதுப்பணித் துறையில் ஏரிகளுக்குப் படம் போட்டவன் நான், படத்தில் வெள்ளை இருந்தால் யாரோ வேலை பார்க்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றுதான் எனக்குப் பழக்கம். யாராவது அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டு, எனக்குப் பதில் தெரியாமல் போனால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது. அதனால் பெரிய தாளில் புதிதாகப் போட ஆரம்பித்தேன். ஏரிகள், வரத்துக் கால்வாய்கள், மதகுகள், மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல்கள், எந்த ஏரி நிரம்பினால் எந்த ஏரிக்குத் தண்ணீர் போகும், படகு எந்த நேரம் புறப்படும், எந்தப் பாலம் வலுவில்லாதது, எந்தத் தெருவில் யார் காவல். காலை காபிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் அம்மா தட்டை வைத்துவிட்டுக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டேன். கிழக்கே நீ வேண்டுமென்றே ஒன்றும் போடாமல் விட்ட கடலடித் தரையில் உப்பளங்கள் போட்டேன், வரிசை வரிசையாக, மிக அழகாக வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கருப்பு மை ஏற்றினேன். அதுதான் செய்யக் கூடாத காரியம். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு, ஸ்தலத்தைப் போய்ப் பார்க்கும்வரை படம் பென்சிலில்தான் இருக்க வேண்டும், யாராவது போய்க் காலால் நடந்து பார்த்து வந்த பிறகே அதன் மேல் மை. சர்வீசில் ஒரு நாள்கூட நான் மீறாத வழக்கம். உன் நாடு விளையாட்டு நாடுதானே என்று அந்த எண்ணமே எனக்கு எழவில்லை.

அப்புறம் மூன்று மாதம் எப்படிப் போனது என்று கேள். அவர்கள் எங்கே போகலாம் என்று யோசிக்கும் முன்னே நான் வழி சொல்லிவிடுவேன். பாலத்தில் ஏறப் போனால் அது வலுவில்லாதது, சுற்றிப் போங்கள் என்பேன். குகைக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, வௌவால் மட்டும் என்பேன். சம்பத்தின் பாத்திரம் திருடன் என்பது உனக்குத் தெரியும். அவன் ஒரு வீட்டுக்குள் நுழையலாம் என்றால், வாசலில் காவல் இருக்கிறது, பின்ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது, வேண்டுமானால் பக்கத்து மளிகைக் கடையில் ஆள் தேவைப்படுகிறது என்று சொன்னேன். எனக்கு அது உதவி செய்வதாகத்தான் பட்டது. பகடை அப்படியே மேஜையில் கிடக்கும், உருட்ட வேண்டிய சந்தேகம் எதுவும் வராமல் நான் பார்த்துக்கொண்டேன். ஒரு ஞாயிறு சம்பத் கொட்டாவி விட்டுக்கொண்டே, அங்கிள், மூணு மாசமா என் திருடன் மளிகைக் கடையில பொட்டலம் மடிச்சுகினு கீறான், அவுங்க ஆத்தா பாத்தா சந்தோசப்படும், எனக்குத்தான் பேஜாரா கீது என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், இரவு படுத்தபின் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. அதற்கடுத்த வாரம் தமிழ்ச்செல்விக்கு டூட்டி. அதற்கடுத்த வாரம் சம்பத்துக்குப் பறவை பார்க்க வந்தவர்களை வேனில் கூட்டிப் போகும் வேலை. ஜோஷ்வா மட்டும் வந்து எதிரே உட்கார்ந்து, கையைத் தேய்த்துக்கொண்டு, தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள், இன்னா ஆவும்னு எல்லாமே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு, அப்பாலிக்கு நாங்க எதுக்கு, கார்த்திகையோட நிறுத்திக்கலாம், ஹம்சினி வந்தப்புறம் பாத்துக்கலாம் என்றான். நல்ல பிள்ளை, சொல்லிவிட்டு டம்ளரை அவனே கழுவி வைத்துவிட்டுப் போனான்.

நான் அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை. நீ ஒன்றைக் காப்பாற்றி வை என்று கொடுத்துப் போனதை நான் காப்பாற்றியே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. அம்மா என்ன ஏது என்று கேட்டு வாங்கிக்கொண்டு, ஏன்னா, வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் ஆடறோமே, பாம்பு எங்க, ஏணி எங்கன்னு எல்லாருக்கும் கண்ணுக்கு முன்னால தெரியறது, ஆனாலும் விடிய விடிய ஏன் ஆடறோம், தாயக்கட்டை எங்க கொண்டு போய் விடும்னு தெரியாததாலதானே, நீங்க ஆடினா பாம்பு மேலெல்லாம் காகிதம் ஒட்டிட்டு ஏணியில கைப்பிடி வெச்சுக் குடுப்பேள் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும், பேனாக்களைத் துடைத்து வைத்தேன்.

கடைசி ஆட்டத்தையாவது கடற்கரையில் வைத்துக்கொள்ளலாம் என்று சம்பத் சொன்னான். மழை விட்டிருந்த ஞாயிறு, அவன் வேனிலேயே திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம், தலசயனப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று அம்மாவும் வந்தாள். கடற்கரைக் கோயில் பக்கம் கூட்டம், அதனால் வடக்கே தள்ளி ஒரு சவுக்குத் தோப்பில் ஜமக்காளம் விரித்தோம். நான் வரைபடத்தை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். சவுக்கு ஊசிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன, அலை சத்தம் எது, மரத்தின் சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை, கண்ணை மூடினால் கடல் தலைக்கு மேலே இருப்பது போல இருந்தது. கடைசி நாள்தானே மாமி, நீங்களும் ஒரு ஆளாச் சேர்ந்துக்கோங்க என்று தமிழ்ச்செல்வி ஒரு காகிதத்தை எடுத்தாள். அம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. வயசு பதினெட்டு, முழங்கால் வலி கிடையாது, அதை முதல்ல எழுதிக்கோ என்றாள். பேர் என்ன என்று கேட்டதற்குப் பேரெல்லாம் வேண்டாம், கையில ஒரு விளக்கு இருக்கு, அது போதும் என்றாள்.

பிறகு வரைபடத்தின் கிழக்குப் பக்கம் விரலை வைத்து, கடல் உள்ள போயிருக்கோல்லியோ, இங்க மூழ்கின கோயில் ஒண்ணு இருக்கு, நான் அங்க விளக்கேத்தப் போறேன் என்றாள். அவள் விரல் வைத்த இடத்தில் என் உப்பளம் இருந்தது. அங்கே கோயில் கிடையாது என்றேன். யார் போய்ப் பார்த்தா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள் ஹம்சினி, கீரைக்காரியிடம் இது இன்றைக்குப் பறித்ததா என்று கேட்பது போல. எனக்கு எங்கள் ஆபீஸ் மாடி, பென்சில் படங்கள், மழைக்காலத்தில் ஏரிக் கரை மேல் நான் நடந்த நடை எல்லாம் ஒன்றாக வந்தன. யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஜோஷ்வா தாளின் மேல் குனிந்து, மாமி சொல்ற கோயிலு இருக்குதா இல்லியா, சொல்லுங்க அங்கிள் என்றான். சம்பத் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், ஒரு வாய் குடித்தேன். தெரியலை என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் மூன்று பேரும் ஜமக்காளத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள், அதை என் கண்ணால் பார்த்தேன்.

மை அழியாது. அதனால் கற்களை எடுத்துவிட்டுத் தாளைத் திருப்பிப் போட்டேன். மழைக்காலத்து ஈரத்தில் மை ஊறிப் பின்பக்கம் லேசாகத் தெரிந்தது, நான் போட்ட ஏரிகளும் கால்வாய்களும் தெருக்களும் இடவலம் மாறி, தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல மங்கலாகக் கிடந்தன. தமிழ்ச்செல்வி மெதுவாக, இதுதான் கடலுக்கு அடியில இருக்கிற ஊர் என்றாள். அதற்கு மேல் நான் ஒன்றும் ஏற்பாடு செய்யவில்லை. அவர்கள் நடந்தார்கள், நான் அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன், தெரியாததை அவர்களையே கேட்டேன். சிப்பிகள் பதித்த சுவர் ஒன்று வந்தது, அதை நான் சொல்லவில்லை, ஜோஷ்வா சொன்னான். சுவருக்குப் பின்னால் யாரோ பாடுவது கேட்டது. நெடுநாள் முன்னால் கூழைக்கடா கொட்டிவிட்டுப் போன கனவு ஒன்று, சொந்தக்காரர் வராமல் தெருவில் தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் அது தன்னுடையதோ என்று நினைத்துச் சத்தமில்லாமல் தாண்டிப் போனார்கள். பெருங்காற்று வருகிறது என்று நான் சொன்னபோது அம்மா விளக்கைப் புடவைத் தலைப்பால் மறைப்பதாகச் சொல்லிப் பகடையை உருட்டினாள். இரண்டு விழுந்தது. என்னிடம் இன்னும் பழைய புத்தி இருந்தது, பக்கத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது, அதற்குள் ஒதுங்கினீர்கள் என்று வாய் வரை வந்தது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்துவிட்டது என்று சொன்னேன். பட்டப்பகலில் சவுக்கு நிழலில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னதும் நான் அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தேன், ஏனென்றால் கடலடியில் இருட்டில் நிற்பது அம்மா, அவளை அங்கே நிறுத்தியது நான்.

அம்மா என்னைத் தேற்றுவது போல, அணைஞ்சா அணையட்டும், நான் கால வெச்சுப் பார்த்துண்டே போறேன் என்றாள். தமிழ்ச்செல்வியின் வைத்தியச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோஷ்வாவின் படகோட்டி துடுப்பால் தரையைத் தட்டித் தட்டி முன்னால் போனான். சம்பத் திடீரென்று நிமிர்ந்து, குட்டையில மாட்டிகினு மீனுங்க இருக்கும்ல அங்கிள், அதுங்க கண்ணுல வெளிச்சம் இருக்கும்ல, அத்த நான் திருடறேன் என்றான். உருட்டு என்றேன். பதினேழு. நம் ஜனங்கள் கடற்கரையில் சத்தம் போட்டதைக் கேட்டு ஐஸ் விற்கிறவன் வந்து நின்றுவிட்டான். மூன்று மாதம் பொட்டலம் மடித்த திருடன் முதல் முதலாகத் திருடினான், அதுவும் மீன் கண்ணிலிருந்து வெளிச்சத்தை. அந்த வெளிச்சத்தில் படிகள் தெரிந்தன. அதோடு வெயில் சாய்ந்துவிட்டது, ஜோஷ்வாவுக்கு ஷிப்ட், எழுந்துவிட்டோம். படிகளுக்கு மேலே என்ன இருக்கிறது என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது. கொண்டுபோன தயிர்சாதத்தைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தோம். வேனில் ஏறும்போது ஜோஷ்வா, அடுத்த ஞாயித்துக்கெழம யாரையாவது புட்சி ஷிப்ட்ட மாத்திக்கிறேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னான். மாற்றிக்கொண்டு வரவும் செய்தான். இப்போது அந்தப் பின்பக்கத்தில் அவர்கள் நடந்த இடத்துக்கு மட்டும் மை, மற்றதெல்லாம் பென்சில், பெரும்பாலும் பென்சில்கூட இல்லை.

இனி உன் கேள்வி. நீ கேட்ட அன்றே ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, வந்தால் என்ன, இருந்தால் என்ன என்று இரண்டு பக்கமும் எழுதினேன். இரண்டு வருஷ ஒப்பந்தம், பிறகு சென்னையில் வேலை, கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு வீடு, எல்லாம் ஒழுங்காக வந்தது. வாசித்துப் பார்த்தபோது மறுபடியும் உப்பளம் போட்டிருக்கிறேன் என்று தெரிந்தது, கிழித்துவிட்டேன். நான் உன் அறையைப் பார்த்ததில்லை. நீ பார்த்துக்கொண்டு உட்காரும் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, தெருவில் விளக்கு எரியுமா, பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் கூரை உண்டா, ஆபீசில் உன் பக்கத்தில் உட்காருபவர் எப்படிப்பட்டவர், எதுவும் தெரியாது. பார்க்காத இடத்தைப் பற்றி வா என்றோ இரு என்றோ எழுத எனக்கு உரிமையில்லை. அதனால் என் வாழ்க்கையில் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்றைச் செய்திருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். தமிழ்ச்செல்வி போனிலேயே எல்லாம் நிரப்பினாள், மின்சார ரயிலில் தாம்பரம் போய்க் கைரேகை வைத்துவிட்டு வந்தேன், கௌண்டரில் இருந்த பெண் இந்த வயசில எதுக்கு சார் என்றாள், ஸ்தல ஆய்வு என்று சொல்லிவிட்டேன், அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. போலீஸ்காரர் விசாரணைக்கு இன்னும் வரவில்லை, அவருக்குக் காபி கொடுக்க வேண்டும் என்று அம்மா தினமும் கொஞ்சம் டிகாக்‌ஷன் எடுத்து வைக்கிறாள். விசா தருவார்களா, விமானத்தில் காது அடைத்தால் என்ன செய்வது, கழிவறைக்கு யாரைக் கேட்பது என்று எனக்குப் பயம்தான், மறைத்து என்ன பயன். அம்மாவால் குளிரில் வர முடியாது. நான் இல்லாத ஞாயிறுகளில் மறிகடல் நாட்டை அவளே நடத்துவதாகச் சொல்லிவிட்டாள், பிள்ளைகள் இதற்குக் காட்டிய சந்தோஷம் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

மார்ச்சில் அங்கே பகல் நீண்டுவிடும், அப்போது வரலாம் என்று சம்பத் சொல்கிறான். எனக்கு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி ஆரம்பத்திலோ வர வேண்டும். ஏரியை மழையில்தான் போய்ப் பார்க்க வேண்டும், கோடையில் பார்த்தால் எல்லா ஏரியும் நல்ல ஏரிதான். சாயங்காலத்துக்கு முன்னே இருட்டும்போது உன் ஜன்னலுக்குப் பக்கத்தில் நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்தபிறகும் எனக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம், அப்போது தெரியவில்லை என்று சொல்லுவேன், நீ தீர்மானம் செய்துகொள். அதுவரை பொறுக்க முடியாமல் ஒரு நாள் கிளம்பிவிட வேண்டும் என்று தோன்றினால் யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே, டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடு, எந்த ரயிலுக்கு வந்தாலும் ஸ்டேஷனில் நிற்பேன். இருக்கத் தோன்றினால் இரு. ஆபீசில் சாப்பிடும் அறைச் சுவரில், ஞாயிறு மத்தியானம் ஒரு கதை ஆட்டம், தெரியாதவர்களும் வரலாம் என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிப் பார். யாரும் வராவிட்டால் வெட்கமாக இருக்கும், அது எனக்குத் தெரியும், எனக்கு இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் படியில் செருப்புச் சத்தம் கேட்கும்வரை வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒருவர் வந்தால்கூட நான் வரும்போது மூன்று பேர் ஆகிவிடுவோம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வைட்டமின் மாத்திரையை மறக்காதே, வற்றலை நெய்யில் வறுத்துச் சாதத்தோடு பிசைந்து சாப்பிடு. ஏகாதசியன்று முடிந்தால் ஒரு வேளையாவது பழம் மட்டும் சாப்பிட்டுப் பெருமாளை நினைத்துக்கொள். எல்லா க்ஷேமமும் தேடி வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் உன் வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, அந்த ஊர் எழுத்தில் ஒன்றும் நம் எழுத்தில் ஒன்றும். விமான நிலையத்துக்கு நீ லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்க வேண்டாம். பஸ் நம்பர் மட்டும் போதும், இறங்கிய பிறகு யாரையாவது கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
வெங்கடராகவன்